நாணலுக்கு மேலே

“என்னைத் தூக்கிக்கொண்டு போனால் என் நடை பாழாகிவிடும், அம்மா. செத்தாலும் ஏற மாட்டேன்.”

புலவர் பூவராகர் இதைச் சொன்னது வீட்டுக் கூடத்தில் சாய்ந்துகொண்டு அல்ல. செம்பாற்றின் நட்டநடுவில், ஒரு மணல்திட்டில் உட்கார்ந்துகொண்டு. வலது கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. எழுந்து நிற்கவே இன்னொருவர் கை வேண்டும். அந்த நிலைமையிலும் பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

“செத்தாலும்னு சும்மா சொல்லாதேயும்,” என்றாள் உலகாயி. “தண்ணி கேட்டுக்கிட்டிருக்கு.”

உலகாயி அவருடைய குரு.

அட, சிரிக்காதீர்கள். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது. குரு ஒரு காலத்தில் உப்பளத்தில் மூட்டை சுமந்தவள். சீடர் அரசவையில் பட்டுப் பரிசு வாங்கினவர். அந்த நாட்டில் பாட்டுத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். வழி தெரிந்தவர்கள்தான் அபூர்வம். அதனால் புலவர்கள் அவளைத் தேடி வந்து கும்பிட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

எந்த வழி என்கிறீர்களா? பெருவழியார் போன வழி.

அவர் பழைய காலத்துப் பாவலர். தென்கடலில் தொடங்கி வடமலை வரைக்கும் நாடு முழுக்கச் சுற்றி, போன ஊருக்கெல்லாம் ஒரு பாட்டு வைத்துவிட்டுப் போனவர். அவருக்குப் பிறகு, எழுத வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஒரு தரமாவது அந்த வழியில் நடப்பது வழக்கமாகிவிட்டது. அவர் பாடிய இடத்தில் நின்று, அவர் பாட்டைப் பாடி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நகர வேண்டும்.

விதி ஒன்றே ஒன்று. ஒவ்வோர் அடியும் சொந்தக் காலால் வைத்த அடியாக இருக்க வேண்டும். வண்டி கூடாது. குதிரை கூடாது. ஓடம்கூடக் கூடாது, ஆற்றை இறங்கித்தான் கடக்க வேண்டும். ஓர் அடி தவறினாலும் நடை செல்லாது. திரும்பத் தென்கடலுக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அறுபது வயதில் யார் திரும்பப் போவது?

வேறு ஆளாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். பூவராகரால் முடியாது. மனைவி கோமளம் இறந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு வரி வரவில்லை. ஏட்டை எடுத்து வைப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார், கட்டி வைத்துவிடுவார். அவளைப் பற்றியும் வரவில்லை, மற்றதைப் பற்றியும் வரவில்லை.  அவள் பேரைச் சொல்வதையே விட்டுவிட்டார். பெருவழியாரின் கால் பட்ட மண்ணிலெல்லாம் தன் கால் பட்டால் சொல் திரும்பி வரும் என்று யாரோ சொன்னார்கள். அதை இறுகப் பிடித்துக்கொண்டு கிளம்பியவர்.

நாடு முழுக்க நடந்தாகிவிட்டது. மிச்சம் வடமலை அடிவாரத்தில் ஓடும் இந்த ஆறு ஒன்றுதான். அக்கரையில் கால் வைத்துவிட்டால் நடை நிறைவு.

அதில் பாதியைக் கடந்தும் விட்டார்கள். ஆறு அங்கே இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. முதல் கிளையில் முழங்காலளவுதான் தண்ணீர். திட்டில் ஏறப்போகிற நேரத்தில் பாசிப் பாறையில் வழுக்கிக் கால் மடங்கியது. மளுக்கென்று ஒரு சத்தம். உலகாயி கையைப் பிடித்து இழுத்து மணலில் உட்கார வைத்தாள்.

கொஞ்சம் வலி குறையட்டும், நொண்டிக்கொண்டாவது கடந்துவிடலாம் என்று இருந்தார்கள்.

இங்கே வெயில் சுள்ளென்று அடித்தது. மலையில் மழை.

உலகாயிதான் முதலில் கவனித்தாள். தண்ணீரின் நிறம் மாறியது. பிறகு நுரை வந்தது. நுரைக்குப் பின்னால் சருகும் சுள்ளியும் வந்தன. அவர்கள் கடந்து வந்த கிளையில் அந்தப் பாசிப் பாறை இருந்த இடமே தெரியவில்லை.

“திரும்பிப் போக வழி இல்ல,” என்றாள். “அந்தக் கிளைதான் இனிமே வேகம். முன்னாலதான் போகணும். இப்பவே போகணும். என் தோள்ல ஏறும்.”

அதற்குத்தான் புலவர் அப்படிப் பதில் சொன்னார்.

“நடந்து போக முடியுமா உமக்கு?”

“முடியாது.”

“ஏறவும் மாட்டீர்.”

“மாட்டேன்.”

“அப்போ?”

“நீங்கள் போய்விடுங்கள் அம்மா. உங்களுக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது. என் தலையெழுத்து இங்கே முடியட்டும்.”

உலகாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“பெரிய தியாகம்தான். ஆனா நான் மட்டும் இறங்கினா என்னையும் அடிச்சுக்கிட்டுப் போயிடும். முன்னால இருக்கிற கிளையில தண்ணி மார்பளவுக்கு மேல வந்தாச்சு. வெறும் ஆளைத் தூக்கிடும். மேல பாரம் இருந்தாத்தான் கால் தரையில பாவும். உப்பு மூட்டை சுமக்கிறவங்க வெள்ளத்துல மூட்டையை இறக்கவே மாட்டாங்க.”

“அப்படியானால் ஒரு கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு போங்கள்.”

“மணல்திட்டுல கல்லுக்கு நான் எங்கே போவேன்? கிடைச்சாலும் கல்லுக்குக் கண்ணு கிடையாது.”

புலவருக்கு அந்தக் கடைசிப் பேச்சு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. திட்டின் கீழ்முனையில் இருந்த காய்ந்த விழல் புதரைத் தண்ணீர் கொண்டுபோனதை அவர் அப்போது பார்த்துவிட்டார். ஒரு மடக்கில் விழுங்கியது. 

“உங்களைக் கொன்ற பாவமும் எனக்கு வேண்டுமா?” என்று கத்தினார்.

“அதை நீர்தான் சொல்லணும்.”

“இது ஞாயமே இல்லை. குருவின் தோளில் சீடன் காலைப் போடுவதா? அதுவும் ஒரு பெண்பிள்ளை தோளில்? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் இங்க இல்ல. தண்ணிதான் இருக்கு.”

 புலவர் கண்ணில் நீர் முட்டியது. பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. எத்தனை முள், எத்தனை வெயில், எத்தனை பட்டினி! பாதம் வெடித்து ரத்தம் கசிந்த நாளில்கூட ஒரு மாட்டுவண்டியைத் திரும்பிப் பார்க்காதவர். அக்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதா இப்படி ஆக வேண்டும்?

தண்ணீர் அவர் குதிகாலைத் தொட்டது.

சரி, இதுதான் முடிவு என்று தீர்மானித்தவர்போல் புலவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தத் திட்டில் பாட வேண்டிய பாட்டு பாக்கி இருக்கிறது. அதையாவது பாடிவிட்டுப் போவோம் என்று கைகூப்பிப் பாடினார்.

*நாணலின் பூவுக்கு மேலே*
*அக்கரை கண்டேன்.*
*நாரையின் முதுகைக் கண்டேன்.*
*நதியெல்லாம் ஒரே பார்வையில் கண்டேன்.*

குரல் நடுங்கியது, ஆனாலும் ஒரு சுருதி பிசகவில்லை. அவ்வளவு பெரிய வித்துவான்.

“அக்கரை தெரியுதா?” என்று கேட்டாள் உலகாயி.

“என்ன?”

“பாடினீரே. நாணலுக்கு மேல அக்கரை தெரியுதான்னு கேட்டேன்.”

திட்டின் ஓரம் முழுக்க நாணல் அடர்ந்து நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

“உட்கார்ந்திருக்கிறேனே, எப்படித் தெரியும்?”

“நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். உம்மைவிட நான் ஒரு பிடி உயரம். எனக்கும் தெரியல.”

“பெருவழியார் நெடிய மேனி அம்மா. உங்களுக்குத் தெரியாதா? வழியெல்லாம் சிலை பார்த்தோமே!”

பார்த்தார்கள்தான். தென்கடல் மண்டபத்தில் சிலை ஆள் உயரம். அடுத்த ஊரில் அதைவிட ஒரு முழம் கூட. அவர் பாட்டில் மதிலுக்கு மேலே தோட்டத்தைப் பார்க்கிறார், காக்கைக் கூட்டுக்குள் முட்டையைப் பார்க்கிறார், திருவிழாக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே தேரைப் பார்க்கிறார். அந்தந்த ஊர்ச் சிற்பிகளும் பாட்டுக்குத் தக்கபடி ஆளை வளர்த்துக்கொண்டே போனார்கள். புளியந்தோப்பு மண்டபத்தில் அவருக்கு மாலை போட ஏணி சாத்தி வைத்திருக்கிறார்கள். ஏணியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார் நம் புலவர்.

“சரி, நெட்டை,” என்றாள் உலகாயி. “செருப்பையும் பார்த்தோமே. எம்புட்டு நீளம்?”

செருப்பு என்றதும் பூவராகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமரத்தூரில் பெருவழியாரின் செருப்பு இருக்கிறது. வெள்ளிப் பெட்டியில் வைத்துப் பூப்போட்டுக் காட்டுவார்கள். அவர் விழுந்து கும்பிட்டு அழுதார். உலகாயி பக்கத்தில் நின்று சிரித்துவிட்டாள். அந்தக் கோபத்தில் அன்று பொழுதுக்கும் அவர் அவளோடு பேசவில்லை.

“சொல்லும். எம்புட்டு நீளம்?”

“சின்னது,” என்றார் மெதுவாக. “ஒரு சாண் இருக்கும்.”

“அதோட அடிப்பக்கம்?”

“புதிதாக இருந்தது. தேய்மானமே இல்லை. தெய்வாம்சம், அதனால்தான் தேயவில்லை என்று பூசாரி...”

அவர் பேச்சு பாதியில் நின்றது.

தண்ணீர் அவர் மடியில் ஏறியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. உதடு அசைந்தது. மனப்பாடமாக இருந்த அத்தனை பாட்டையும் ஒரு முனையிலிருந்து தேடிக்கொண்டு போனார். ஒரு பாட்டிலாவது ஒரு முள் வேண்டும். ஒரு சுடுமணல். கல் தடுக்கிய ஒரு விரல். நாடு முழுக்க நடந்தவன் அதைப் பாடாமல் இருப்பானா? இவரைக் கேட்டால் மூன்று நாள் பாடுவாரே!

ஒன்றுகூட இல்லை.

“அம்மா,” என்றார். முகம் வெளுத்திருந்தது. “அவரைச் சுமந்தது யார்?”

உலகாயி முதுகைத் திருப்பிக்கொண்டு அவருக்கு முன்னால் குந்தினாள்.

“ஏறும்.”

அவர் ஏறினார்.

தேர் பார்க்கப் பிள்ளையைத் தோளில் வைப்பார்களே, அப்படி. இரண்டு காலும் அவள் மார்புக்கு முன்னால் தொங்கின. அவள் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒருமுறை தள்ளாடி நின்றாள். புலவருக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கடைசியில் அவள் கொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

நாணலைப் பிளந்துகொண்டு உலகாயி ஆற்றில் இறங்கினாள்.

இடுப்பு. மார்பு. கழுத்து.

அலை அவள் முகத்தில் அடித்தது. கண்ணை மூடித் திறந்து காறித் துப்பினாள்.

“எனக்குத் தண்ணியைத் தவிர ஒண்ணும் தெரியல. நீர் சொல்லும், எந்தப் பக்கம்?”

பூவராகர் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். வாய்க்கு வந்தது பாட்டுத்தான்.

“அக்கரையில் மருதமரம் நிழல் விரிக்கும் துறைக்கு நேரே...”

“நேராவா?”

“நேரே!”

அவள் நேரே ஓரடி வைத்தாள். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. தலை முழுகியது. புலவரின் இடுப்பு வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அலறிய அலறல் இரண்டு கரைக்கும் கேட்டிருக்கும். எப்படியோ ஒரு காலைப் பின்னால் ஊன்றி அவள் மேலே வந்தாள். இருமினாள். மூச்சு இழுத்தாள்.

“மருதமரம் எங்கவே இருக்கு?”

அவர் பார்த்தார். மரமும் இல்லை, துறையும் இல்லை. மரம் சாய்ந்து எந்தக் காலமோ.

“இல்லை... அம்மா, இல்லை...”

“அது அவர் பார்த்த ஆறு! உம்ம கண்ணுல என்ன தெரியுது? அதைச் சொல்லும்! சீக்கிரம்!”

ஐயோ, அந்த நேரத்தில் அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! வாயைத் திறக்கிறார், வரவில்லை. எத்தனை காலமாக வராதது இப்போது எப்படி வரும்? அவளுடைய கால் அடுத்த அடிக்காகத் தண்ணீருக்குள் காத்துக்கொண்டிருந்தது. அவள் தோள் நடுங்குவது அவர் தொடையில் தெரிந்தது.

“கட்டை,” என்றார்.

“என்ன?”

“கட்டை வருகிறது! இடதுபக்கம். வேரோடு... பெரிய கட்டை. நில்லுங்கள். நில்லுங்கள். இன்னும் வரவில்லை... இதோ... போய்விட்டது!”

“இப்ப?”

“முன்னால் தண்ணீர் வழவழவென்று போகிறது, சத்தமே இல்லை. அங்கே போகாதீர்கள். வலதுபக்கம் குதித்துக் குதித்துப் போகிறது. அடியில் மேடு இருக்கும்.”

அவள் வலதுபக்கம் திரும்பினாள். கழுத்து வெளியே வந்தது.

“சொல்லும்.”

“இன்னும் நாலு எட்டு அப்படியே. ஒரு கூரை மிதந்து வருகிறது அம்மா, யார் வீட்டுக் கூரையோ. அதன்மேல் ஒரு பாம்பு. அதற்கும் நம்மைப்போல் பயம், தலையைத் தூக்கவே இல்லை. நில்லுங்கள். அது போகட்டும்.”

நின்றாள். போனது.

“சொல்லும்.”

“கொஞ்சம் இடது. இழுக்கிறது பாருங்கள், அங்கே சுழி, அதில் ஒரு தேங்காய் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரத் தெரியவில்லை அதற்கு. தள்ளிப் போங்கள். ஆமாம். அப்படித்தான். ஒரு நாரை பறக்கிறது. வெயில் அடிக்கிறது அம்மா, இவ்வளவு வெள்ளத்திலும் எல்லாம் பளபளவென்று இருக்கிறது.”

“கரை?”

“தெரிகிறது. சேறு. ஒரு பனைமரம், மொட்டைப் பனை. அதற்குக் கீழே ஒரு பெண் துணி காயப் போடுகிறாள். நம்மைப் பார்க்கவில்லை. ஒரு சேலையை எடுத்து...”

அவர் குரல் உடைந்தது.

“சொல்லும்! சுழி இருக்கா?”

“இல்லை. நேரே வாருங்கள். சேலையை எடுத்து இரண்டு தரம் உதறுகிறாள். கோமளம் அப்படித்தான் உதறுவாள். தெறிக்கிற தண்ணீர் என் ஏட்டில் விழும், நான் கத்துவேன், அவள் வேண்டுமென்றே இன்னொரு தரம் உதறுவாள்...”

அழுதுகொண்டேதான் சொன்னார். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் விழுந்துவிடுவார், அதனால் துடைக்கவும் இல்லை.

மார்பு. இடுப்பு. முழங்கால்.

உலகாயியின் கால் சேற்றில் பதிந்தது. பூவராகர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் அவரை இறக்கிவிடவில்லை. மூச்சு வாங்க அப்படியே நின்றாள்.

“ஏன் நிறுத்திட்டீர்?”

“கரை வந்துவிட்டது அம்மா.”

“அது என் காலுக்குத் தெரியும். அவ இன்னொரு தரம் உதறினா. அப்புறம்?”